உனக்கு வராமல் போன முதல் ஆர்டர்

தம்பி,

நாளை விருதுநகர் ஸ்டேஷனில் நீ ரயில் ஏறும்போது இதை உன் கையில் கொடுப்பேன். மதுரை தாண்டும்வரை பிரிக்காதே. நேரில் சொல்லலாம் என்றுதான் இரண்டு தடவை உன் எதிரில் வந்து உட்கார்ந்தேன். ஒரு தடவை நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மறு தடவை, கொஞ்சம் பேச வேண்டும் என்று நான் ஆரம்பித்ததுமே கல்யாணப் பேச்சை எடுக்கப்போகிறேன் என்று நினைத்து, சென்னை ஆபீஸ் ஒரு நிலைக்கு வரட்டும் என்று சொல்லிச் சிரித்துவிட்டாய். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் கம்பெனியில் பிழை பார்க்கத் தனியாக ஒரு ஆள் வைத்திருக்கிறாய், எனக்கு அப்படி யாரும் இல்லை.

போன மாதம் சென்னையில் அந்த மேடையில் நீ பேசியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீயும் உன் ஆட்கள் ஆறு பேரும் சிவகாசியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் உட்கார்ந்து செய்துகொடுத்த வெப்சைட்டுகளில் இரண்டை, அந்தத் தொழிலில் இருப்பவர்களே சேர்ந்து நடத்தும் சங்கம் தேர்ந்தெடுத்தது. சின்ன ஊர்க் கம்பெனிகளில் இதுதான் முதலிடம் என்று கேடயம் கொடுத்தார்கள். நீ மைக்கைப் பிடித்து நாலு வரி ஆங்கிலத்தில் பேசினாய். கடைசியில் தமிழுக்கு மாறி, "எங்கம்மா இல்லேன்னா இந்தக் கம்பெனியே இல்ல" என்றாய். மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தேன். அம்மாவுக்குக் கூச்சம் என்று நீ நினைத்திருப்பாய். கூச்சம் இல்லை, தம்பி. நீ சொன்னது பாதிதான் உண்மை என்று அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி நான். இன்னொருவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த எங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளி.

நான் இருபது வருஷம் பயராபீஸுக்குப் போனவள். பட்டாசு செய்யும் இடத்துக்கு நம் ஊரில் அதுதானே பெயர். காலையில் கம்பெனி பஸ் ஆமத்தூர் விலக்கில் வந்து நிற்கும், போவோம், முடிந்த பட்டாசைப் பெட்டியில் அடுக்குவோம், சாயங்காலம் அதே பஸ்ஸில் வருவோம். வெடிமருந்து கலக்கும் அறைப் பக்கம் நான் போனதே இல்லை. ஆனால் போனவர்களை எனக்குத் தெரியும். நான் முதன்முதலாக வேலைக்குப் போன இடத்தில் பேச்சியக்கா என்று ஒருவர் இருந்தார். பஸ்ஸில் எனக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பார். ஒரு நாள் மத்தியானம் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் வேலிக்கு வெளியே ஓடி நின்று, யார் யார் வந்துவிட்டார்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் வரவில்லை. அன்று நீ மூன்றாம் வகுப்பு. வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போது, இந்தப் பிள்ளை கை மருந்தைத் தொடக் கூடாது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னை விருதுநகரில் சேர்த்துப் படிக்க வைத்தது, கம்ப்யூட்டர் படிப்புதான் வேண்டும் என்று அப்பாவிடம் பிடிவாதமாக நின்றது, எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து வந்ததுதான். அதே மருந்தில் வந்த சோற்றைத்தான் அன்றும் பிசைந்தேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

படிப்பு முடிந்ததும் பெங்களூர் கம்பெனியிலிருந்து உனக்கு வேலைக் கடிதம் வந்தது. அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். நீயும் உன்கூடப் படித்த செந்திலும் ஒரு வாரம் குசுகுசு என்று பேசிவிட்டு, நாங்கள் போகவில்லை, சிவகாசியிலேயே வெப்சைட் செய்யும் கம்பெனி ஆரம்பிக்கப்போகிறோம் என்றீர்கள். வெப்சைட் என்றால் என்ன என்று கேட்டேன். கம்பெனியின் படமும் விலாசமும் சரக்கும் உலகத்தில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் என்றாய். அதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தீர்கள். பழைய கம்ப்யூட்டர் இரண்டு வாங்கி அந்தச் சைக்கிள் கடை மாடியில் வைத்தீர்கள். போன் வயரைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் கீச்கீச் என்று கத்தும், அந்த நேரத்தில் யாரும் போனில் பேச முடியாது. மத்தியானம் எனக்கு லீவாக இருந்தால் நானே டிபன் கேரியரில் சோறு கொண்டுவருவேன். மேல் அடுக்கு உனக்கு, இரண்டாவது அடுக்கு செந்திலுக்கு.

ஒரு நாள் நீ ஓடி வந்தாய். "மொத ஆர்டரு கெடைக்கப் போவுதும்மா. யாரு தெரியுமா? ஒங்க முதலாளிதான்." பட்டாசுக் கம்பெனிக்கா என்று கேட்டேன். "நான் மருந்தையா தொடப்போறேன்? படத்தத்தானம்மா தொடப்போறேன்" என்றாய். நீ சொன்னது சரிதான், ஆனால் என் மனசு அதை ஏற்கவில்லை. முதல் ஆர்டர் பட்டாசு என்றால் இரண்டாவதும் அதுவாகத்தான் இருக்கும், பிறகு போட்டோ எடுக்கிறேன் என்று பயராபீஸுக்குள் போவாய், எந்த அறை எது என்று தெரியாமல் நிற்பாய். இப்படியே யோசித்து யோசித்து, பேச்சியக்கா வேலை பார்த்தது மாதிரி ஒரு அறை வாசலில் நீ காமெராவோடு நிற்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். பயம் ஒன்று மனசில் ஏறிவிட்டால் அது அறிவு மாதிரியே பேசும், தம்பி. உன் பயம் உன்னிடம் ரொம்ப நியாயமாகப் பேசும்போது அதை ஒரு நாள் காக்க வை. நான் காக்க வைக்கவில்லை.

நீங்கள் இரண்டு மாதம் உழைத்து மாதிரி செய்து முதலாளியிடம் காட்டிவிட்டு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் சிவகாசிக்கு பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். லீவு கேட்க வந்திருக்கிறேன் என்று அவர் வீட்டம்மாவிடம் பொய் சொன்னேன். வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உன்னைப் பற்றி அவரே ஆரம்பித்தார்.

"ஒன் மகன் கொண்டாந்து காட்டுனான். நல்லாத்தாம்மா செஞ்சிருக்கான்."

"தெரியும் முதலாளி. நல்லால்லன்னு நீங்க சொல்லணும்."

அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்டார். நான் பேச்சியக்காவைச் சொன்னேன், பெங்களூர்க் கடிதத்தைச் சொன்னேன், அந்த வேலையில் சேர இன்னும் பத்து நாள் இருக்கிறது, இந்த ஆர்டர் இல்லை என்றால் அவனாகப் போய்விடுவான் என்று சொன்னேன்.

"நல்லாச் செஞ்ச பையனப் பாத்து நல்லால்லன்னு நான் சொல்லணுங்கிற."

"ஆமா முதலாளி. சொல்லுவீகளா?"

"ஒனக்காகச் சொல்றேன். ஆனா இது ஒன் தலையிலதான் இருக்கும். என் தலையில இல்ல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அவர் உங்களைக் கூப்பிட்டு, சரியாக அமையவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். என்ன சரியில்லை என்று சொல்லவில்லை. இல்லாத காரணத்தை அவர் எப்படிச் சொல்வார். அந்தக் காரணத்தை நீங்கள் இரண்டு பேரும் தேட ஆரம்பித்தீர்கள். செந்தில் முதல் பக்கத்தில் ஒரு ராக்கெட் செய்து வைத்திருந்தான். அது கீழிருந்து கிளம்பி மேலே போய் வெடித்து, பொறியெல்லாம் சேர்ந்து கம்பெனிப் பெயராகும். பார்க்க அழகு. ஆனால் அந்தப் போன் லைனில் அது வந்து சேர அத்தனை நேரம் ஆகும், பார்க்கிறவன் எழுந்து போய்விடுவான் என்று நீ ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தாயாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் கேரியரோடு மாடிப்படி ஏறி வரும்போது உன் குரல் கேட்டது.

"ஒன் ராக்கெட்டாலதாம்லே போச்சு. அம்புட்டுச் சொன்னேன், கேட்டியா?"

"அப்ப என்னாலதான் போச்சுங்கிற?"

"வேற யாரால?"

நான் படியில் நின்றுவிட்டேன். "என்னால" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அங்கே இடம் இருந்தது, நேரம் இருந்தது. இரண்டு பேரும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றீர்கள். நான் கேரியரின் பிடியை மாற்றிப் பிடித்தேன், அவ்வளவுதான் செய்தேன். செந்தில் வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும், "எனக்குச் சாப்பாடு வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அந்த வாரமே பெங்களூர் போய்விட்டான். அவனுக்கும் கடிதம் இருந்ததே. போகவேண்டும் என்று நான் நினைத்த பிள்ளை போகவில்லை. போன பிள்ளை உன் ஒரே கூட்டாளி. உன் கடிதத்தின் கெடு முடிந்த நாளில் நீ அந்த மாடியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாய். செந்தில் இருந்த நாற்காலியை மூலையில் திருப்பிப் போட்டிருந்தாய்.

அதன்பிறகு ஒன்றரை வருஷம் நீ தனியாகச் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர் என்று வந்ததைச் செய்தாய். பிறகு விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டிக்காரர் ஒருவர் கூப்பிட்டார். நீ கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. மூன்று நாள் அந்த மண்டியில் போய் உட்கார்ந்தாய். தும்மித் தும்மிக் கண் சிவந்து வருவாய், நான் திட்டிக்கொண்டே வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். மூன்றாம் நாள், "அங்க வர்றவுக யாருக்கும் படம் வேண்டாம்மா. இன்னைக்கு என்ன வெலைன்னு தெரிஞ்சாப் போதும்" என்றாய். அப்போதெல்லாம் தமிழில் ஒரு வெப்சைட்டைப் பார்க்க வேண்டுமென்றால் எழுத்தைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும்படி அன்றைய விலையை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் வைத்தாய். மல்லாங்கிணற்று விவசாயி ஒருவர் பிரவுசிங் சென்டரில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அன்று மூட்டையை ஏற்றாமல் நாலு நாள் கழித்து விலை ஏறியதும் ஏற்றினார் என்று மண்டிக்காரரே வந்து சொன்னார். ராக்கெட் இல்லை, பொறி இல்லை. கேடயம் வாங்கிய இரண்டில் ஒன்று அதுதான்.

முதல் ஆர்டர் கைவிட்டுப் போனதால்தானே இவன் இப்படி யோசிக்கக் கற்றுக்கொண்டான், அப்படியானால் நான் செய்ததும் நல்லதுக்குத்தான் என்று என் மனசு பல தடவை எனக்கு ஆறுதல் சொல்லப் பார்த்திருக்கிறது. அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. நீ கற்றுக்கொண்டது உன் குணத்தால். அந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை. யாராவது உனக்குக் கெடுதல் செய்துவிட்டு, அதனால்தான் நீ மேலே வந்தாய் என்று சொன்னால் நம்பாதே. உன் அம்மாவாக இருந்தாலும் நம்பாதே.

முதலாளி உன் வேலையைக் கவனித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். வத்தல் மண்டி வெப்சைட் வந்த சில மாதத்தில், ஒரு நாள் நாங்கள் அடுக்குகிற அறைக்கு வந்தார். மற்றவர்கள் காதில் விழாதபடி என்னிடம் சொன்னார்: "ஒன் மகனக் கூப்பிடப் போறேன். ஒரு தடவ ஒனக்காகப் பொய் சொன்னேன். ரெண்டாந் தடவ சொல்ல மாட்டேன்." நான் சரி என்று தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று சொல்ல அப்போது எனக்கு வாயும் இல்லை, மனசும் இல்லை. அவர் ஒன்று கேட்டார்: அவனிடம் சொல்லிவிட்டாயா? இல்லை என்றேன். இத்தனை வருஷம் அந்த மனிதர் உன் எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார், உன்னோடு சண்டை போட்டிருக்கிறார், ஒரு நாளும் வாய் தவறியதில்லை. அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை உனக்கு இப்போதுதான் சொல்ல முடிகிறது.

முதலாளி கொடுத்த அந்த வேலைக்காக நீ வத்தல் மண்டியில் செய்தது போலவே யாரிடமாவது போய் உட்காரவேண்டும் என்றாய். யாரிடம் என்று கேட்டேன். "ஒன்ட்டத்தாம்மா" என்றாய். அந்த நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவியதும் நோட்டோடு எதிரில் உட்காருவாய். ஒவ்வொரு பட்டாசாகக் கேட்பாய். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புஸ்வாணம் ஈரம் பட்டிருந்தால் மேலே பூக்காமல் பக்கவாட்டில் பிய்த்துக்கொள்ளும், குனிந்து பார்க்கக் கூடாது, எட்டடி தள்ளி நிற்க வேண்டும். சங்கு சக்கரம் மேடு பள்ளத் தரையில் வைத்தால் கால் பக்கம் ஓடி வரும், பாவாடை கட்டிய பிள்ளைகள் தூர நிற்க வேண்டும். சாட்டையைக் கையை நீட்டித்தான் பிடிக்க வேண்டும், பொறி மணிக்கட்டில் விழும். எது அதிகச் சத்தம், எது சத்தமே இல்லை, எது எவ்வளவு நேரம் எரியும். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நடுவில் நான் கேட்டேன். "இதத்தாம்மா எவனும் எழுதல" என்றாய். ஒவ்வொரு சரக்குக்குக் கீழேயும் நான் சொன்னதை நான் சொன்ன மாதிரியே போட்டாய். கேடயம் வாங்கியதில் இன்னொன்று அதுதான். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் என்ன வேலை என்று கேட்டால் கம்பெனியில் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறவள் நான். இருபது வருஷம் என் கைக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு அறிவு என்று நினைத்து எழுதி வைத்த முதல் ஆள் நீ. உன் முதல் ஆர்டரைத் தடுத்தவளின் எதிரில் நோட்டை விரித்து உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமலே எழுதிக்கொண்டிருந்தாய். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். நாளை நோட்டை மூடிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அடுத்த பட்டாசைச் சொல்வேன்.

ஒரு தீபாவளி முடிந்து அந்த வெப்சைட்டுக்கு வந்த மெயிலை நீ எனக்குப் படித்துக் காட்டினாய். யாரோ ஒருவர், எந்த ஊர் என்றுகூட எழுதவில்லை. அவர் மகளுக்குச் சத்தம் என்றால் ஆகாதாம், தீபாவளி அன்று கட்டிலுக்கு அடியில்தான் இருப்பாளாம். சத்தம் இல்லாதவை என்று நீ தனியாகப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கி, இந்த வருஷம் முதல் தடவையாக அவள் வாசலுக்கு வந்து நின்றாள் என்று எழுதியிருந்தார். எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அவளே படித்துச் சொன்னாளாம். நீ படித்து முடித்ததும் நான் சமையலறைக்குப் போய்விட்டேன். மருந்து என்றால் எனக்குப் பேச்சியக்கா மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். அன்று முதல் அந்தப் பெண்ணும் வருகிறாள். இதை எனக்குக் கொடுத்தது நீ.

சென்னையில் தேர்வு செய்தவர்களில் ஒரு அம்மா மேடையில் சொன்னதும் அதைத்தானே. இங்கே வந்த வெப்சைட்டுகளில் பல அழகாக இருக்கின்றன, நான் எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னது இது ஒன்றுதான் என்றார். அதன்பிறகு நீ பேசினாய், நான் தரையைப் பார்த்தேன். முதலாளி என் பக்கம் சாய்ந்து, "கை தட்டும்மா. ஒன் மகன்தான்" என்றார். அப்போதுதான் தட்டினேன்.

இப்போதும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேனோ என்னவோ. திறக்க வைத்தது ஒரு பெண். உன்னிடம் வேலை பார்க்கும் முத்துலட்சுமியின் அம்மா. நம் ஊரில்தான் கிழக்குத் தெருவில் இருக்கிறார், தீப்பெட்டி ஆபீஸில் வேலை. நீ ஆபீஸுக்கு இடம் பார்க்கச் சென்னை போயிருந்த அன்று வீட்டுக்கு வந்தார். முத்துலட்சுமிக்கு ஒரு வரன் வந்திருக்கிறதாம், வேலைக்குப் போகும் பெண் வேண்டாம் என்கிறார்களாம், இவளோ வேலையை விடமாட்டேன் என்கிறாளாம். "ஒங்க மகன் வேல இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். அவளாச் சரின்னுருவா. நீங்க சொன்னாக் கேப்பாகள்ல" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். முதலாளி வீட்டு வராந்தாவில் நின்ற என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். உட்கார வைத்து, நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். செந்தில் வரைக்கும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இத ஒங்க மகன் கேட்டுட்டு என்ன சொன்னாக?" என்றார். அவனிடம் இன்னும் சொல்லவில்லை என்றேன்.

"அப்ப எனக்கு எதுக்குச் சொல்லுதீக? மொதல்ல ஒங்க மகன்ட்டச் சொல்லுங்க. அப்புறம் வந்து எனக்குப் புத்தி சொல்லுங்க."

எழுந்து போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த சரியான பதில் அதுதான்.

அன்று அப்பா லாரியில் வடக்கே லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். முதலில் அவரிடம் சொன்னேன். என்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்றார். பிறகு, "அவன்ட்ட நான் சொல்ல மாட்டேன். அது நீதான் சொல்லணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சிவகாசி போய் செந்திலின் அம்மாவைப் பார்த்தேன். தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக மெஷின் நின்றது. திட்டுவார்கள் என்று இருந்தேன். "அவன் ஒங்க மகன் செய்றது ஒண்ணொண்ணையும் பாத்துட்டு எனக்குப் போன் போட்டுச் சொல்லுவான், அம்மா, இப்ப இத எப்பிடிப் பண்ணிருக்கான் தெரியுமான்னு. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல" என்றார்கள். அவர்கள் அழவில்லை, நான்தான் அழுதேன். அவன் நம்பரை எழுதிக் கொடுத்தார்கள், இதோடு தனிச்சீட்டில் வைத்திருக்கிறேன். அவன் ராக்கெட்டால் எதுவும் போகவில்லை, தம்பி. அவனிடம் நீ சொல்லவேண்டியது அது ஒன்றுதான். மன்னிப்பு கேட்க வேண்டியவள் நான். அவன் சம்மதித்தால் அவனிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

முத்துலட்சுமி விஷயத்தில் நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீ இனி பல பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கப்போகிறாய். அவர்களுடைய அம்மா, அப்பா யாராவது உன் வாசலுக்கு வந்து அவர்களுக்குத் தெரியாமல் ஒரு உதவி செய் என்று கேட்டால், திட்டி அனுப்பிவிடாதே. அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை, பயந்தவர்கள். உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டு, அவர்கள் பிள்ளை என்ன செய்கிறது என்று திறந்து காட்டு. நீ அந்த மாடியில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நான் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. சோற்றை வைத்துவிட்டு வந்துவிடுவேன். பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, காட்ட வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை.

இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரும். வரவேண்டும். இரண்டு நாள் போன் பேசாவிட்டாலும் சரி, ஒரு மாதம் பேசாவிட்டாலும் சரி, சாப்பிட்டேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடு. நீ எனக்குக் கொடுத்ததெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தச் சாயங்காலங்கள், அந்த நோட்டு, மேடையில் நீ சொன்ன வார்த்தை. அந்த வார்த்தையை மட்டும், எல்லாம் தெரிந்தபிறகும் உனக்குச் சொல்லத் தோன்றினால், இன்னொரு தடவை சொல். இந்தத் தடவை நிமிர்ந்து கேட்டுக்கொள்வேன்.

முத்துலட்சுமியின் அம்மா நேற்றும் இன்றும் கடை வாசலில் என்னைப் பார்த்து, சொல்லியாகிவிட்டதா என்று தலையசைப்பில் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். நாளை உன்னை ரயில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வரமாட்டேன். நேராகக் கிழக்குத் தெருவுக்குப் போவேன். அவர் கேட்பதற்கு முன்னால், சொல்லியாகிவிட்டது என்று நானே சொல்லிவிடுவேன்.

அம்மா